ஹாருன் பாயும் நானும் நடித்த அகதிகள்

நடிப்புத் தொழிலில் மற்றத் தொழில்களுக்கு இல்லாத ஒரு விசேஷம் உண்டு: பிழைவிட்டால் நூறு பேர் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். மேடையில் வசனம் மறந்து நின்றவர்கள், கலியாணவீட்டில் மைக்கை வாங்கிவிட்டு நா உலர்ந்தவர்கள், பாடமாக்கிக்கொண்டு போனதை எல்லாம் அலுவலகக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் விழுங்கிவிட்டு வெறுமனே தலையாட்டிவிட்டு வந்தவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சாவகச்சேரியில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த நான் டென்மார்க்கில் ஏழு வருடம் நடிகனாக இருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் போடும் ஒரு சின்னக் குழு. ஓடித்திரிய ஒரு பழைய வான், இரண்டு சூட்கேஸ், உட்கார ஒரு வாங்கு, இவ்வளவுதான் எங்கள் நாடக சாமான். என்னுடன் நடித்தவர் டாக்காவில் இருந்து வந்த ஹாருன் பாய். பாய் என்றால் வங்காளத்தில் சகோதரன்; அவரும் என்னைப் பாய் என்றுதான் கூப்பிடுவார். நான் தற்செயலாக நடிகனானவன்; அவர் அதற்கென்றே பிறந்தவர். நாங்கள் கதைத்தது பாதி ஆங்கிலம், பாதி டேனிஷ். எனக்கு அவர் சொன்னதெல்லாம் என்னுடைய தமிழில்தான் நினைவில் நிற்கிறது, அப்படியே தருகிறேன்.

பூச்சட்டிச் சபை

ஒடென்சேக்கு வெளியே கண்ணாடிக்கூடங்களுக்குள் பூச்செடி வளர்க்கும் தோட்டம் ஒன்றில் இரண்டு பேரும் வேலை செய்தோம். என் மனைவி தேவியும் மகள் சுகியும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. எனக்கு மட்டுமல்ல, அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் அசையாமல் கிடந்தன. ஏன் கிடந்தன என்பது பிறகு நாட்டுக்கே தெரியவந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, தபால்காரர் வருகிறார், போகிறார் என்பது மட்டும். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் எனக்கு வண்டில் தள்ளும் வேலையைத் தந்தார். எப்படியும் நடக்கிறவன், செடியையும் கொண்டு நடக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

வண்டிலைத் தள்ளிக்கொண்டு கடைசிக் கூடத்துக்குப் போனால் அங்கே ஒருவர் பூச்சட்டிகளுக்கு முன்னால் வலது கையை உயர்த்தி வங்காளத்தில் முழங்கிக்கொண்டிருப்பார். திடீரென்று குரல் உடைந்து அழுவார். பிறகு அமைதியாக அடுத்த சட்டிக்கு மண் போடுவார். ஆளுக்கு ஏதோ பிசகு என்று நினைத்து ஒரு கிழமை, ஏழு நாளும் தள்ளியே போனேன். கடைசியில் நானே கேட்டேன். டாக்காவில் பதினெட்டு வருடம் நடித்ததாகவும், வசனங்கள் மறந்துபோகாமல் இருக்க நாளுக்கு ஒரு பாத்திரம் என்று முறைவைத்துச் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார். பூவுக்கு முன்னால் நின்று ஏன் சொல்கிறீர்கள் என்றேன்.

"பாய், டாக்காவிலை இப்பிடி ஒரு சபை எனக்குக் கிடைச்சதில்லை. ஒருத்தரும் கடலை கொறிக்கேல்லை, ஒருத்தரும் இடையிலை எழும்பிப் போகேல்லை."

கொஞ்சம் சின்னதாக

நாங்கள் டேனிஷ் படிக்கப் போகும் மொழிப் பாடசாலையின் அறிவித்தல் பலகையில் ஒருநாள் ஒரு கடதாசி தொங்கியது. பள்ளிக்கூட நாடகத்துக்கு இரண்டு வெளிநாட்டு ஆண்கள் தேவை, அனுபவம் அவசியமில்லை. கடைசி வார்த்தை ஹாருன் பாயைச் சுட்டுவிட்டது. அனுபவம் என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டார். நான் கூடப் போனதற்குக் காரணம், அறையில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான்.

குழுவை நடத்தியவர் பீர்கித்த என்ற உயரமான பெண். எப்போதும் ஒரு கரட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கொன்றைக் காட்டி, உள்ளே வாருங்கள், இருங்கள், ஒருவருக்காகக் காத்திருங்கள், அவ்வளவுதான் என்றார். ஹாருன் பாய் உள்ளே வந்தார். வந்த வேகத்தில் வாங்கு நகர்ந்தது. வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார், முழங்காலில் விழுந்தார், நெஞ்சில் அடித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பீர்கித்த கரட்டைக் கடிக்க மறந்து இருந்தார். பிறகு, இதையே கொஞ்சம் சின்னதாகச் செய்ய முடியுமா என்று கேட்டார். செய்தார். இன்னும் கொஞ்சம் சின்னதாக? அதையும் செய்தார். இதற்கிடையில் நான் கதவோரம் மேலும் கீழும் நடந்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீர்கித்த என்னைச் சுட்டிக்காட்டி, "இதோ, இதுதான்" என்றார்.

இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். தோட்டவேலையை விட்டோம். அனுபவம் இல்லாதவனைக் காட்டி அனுபவசாலிக்குப் பாடம் சொன்னது எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நாலாவது தரிப்பிடம் கடக்கும்போது ஹாருன் பாய் சொன்னார்.

"பதினெட்டு வருசமாகக் கடைசி வரிசைக்குக் கேட்கவேணுமெண்டு பழகினன். இஞ்சை முதல் வரிசை பயப்பிடுது."

கப்பலில் சொன்னது

அப்போது ஒடென்சே பக்கத்தில் இருந்து கொப்பன்ஹேகன் பக்கம் போவதற்குப் பாலம் இல்லை. வானைக் கப்பலில் ஏற்றி, மேல்தட்டில் கோப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கடலைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் பெரிய தண்டனை. ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நடந்துகொண்டே இருப்பேன். ஹாருன் பாய் என் சட்டையைப் பிடித்து இருத்திவிட்டுத் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். நாலைந்து பயணத்தில் சொல்லி முடித்தார்.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் புகையிரத நிலையக் குமாஸ்தாவின் நாலாவது மகன். பதினாறு வயதில் ஊருக்கு வந்த யாத்ராக் குழுவுடன் போய்விட்டார். யாத்ரா என்றால் நாலு பக்கமும் சனம் இருக்க நடுவில் நின்று ஆடும் நாடகம். முதல் வேடம் ராணியின் தோழி. மீசை அரும்பியதும் படைவீரன், பிறகு சேனாதிபதி. அங்கிருந்து டாக்கா மேடை. மேடையில் இருந்து சினிமா. சினிமாவில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள். நடித்தது முப்பத்திரண்டு படம், முப்பத்திரண்டிலும் செத்திருக்கிறார். சுட்டுச் சாவு, ஆற்றில் சாவு, செங்கல் சூளைப் புகைபோக்கியில் இருந்து விழுந்து சாவு. முதல் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போன தாயார் தியேட்டரிலேயே தலையில் அடித்துக் குளற, படத்தை நிறுத்தி, மகன் பக்கத்துக் கதிரையில் இருப்பதைக் காட்டவேண்டி வந்ததாம்.

இடையில் மேடை ஆசை விடவில்லை. நண்பர்களுடன் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார். தன்னுடைய கதிரையைத் தானே தேடிக்கொண்டு மேடை முழுக்க அலையும் ஒரு ஆட்சியாளனின் கதை. நாட்டில் ராணுவ ஆட்சி நடந்த காலம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டாவது வரிசையில் இருந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று கிழமைக்குள் அரங்கத்துக்குப் பூட்டு, எழுதியவர் மறியல் சிறையில், நடித்தவரின் வீட்டுக்கு இரண்டுமுறை ஆட்கள் வந்துபோனார்கள். மூன்றாம்முறை வருவதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். இதைச் சொல்லும்போதுகூட அவர் கையை உயர்த்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. பீர்கித்த கேட்ட சின்னது இதுதானோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"முப்பத்திரண்டு படத்திலை கொலைகாரனாக நடிச்சன், ஒரு பொலிஸும் தேடி வரேல்லை. ஒரேயொருக்காக் கோமாளியாக நடிச்சன், நாட்டை விட்டு ஓடவேண்டியதாப் போச்சு."

ஹொல்ஸ்டெப்ரோவில் மதியச் சாப்பாடு

எங்கள் நாடகத்தில் இரண்டு சகோதரர்கள் சூட்கேஸுடன் ஒரு புது நாட்டுக்கு வந்து பஸ் தரிப்பிடத்தில் இருப்பார்கள். யாராவது வழியில் உங்கள் குடும்பம் எங்கே என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பீர்கித்த என்னிடம் ஒத்திகையின்போது கேட்டிருந்தார். "என் மனைவி அடுத்த மாதம் வருகிறாள்" என்று சொல்வேன் என்றேன். ஒன்றரை வருடமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே நாடகத்தில் என் வசனமாக எழுதிவிட்டார்.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் ஆடிவிட்டு, சிவபாலண்ணை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். அவர் குடும்பத்தோடேயே வந்து என்னுடன் அகதி முகாமில் இருந்தவர், இப்போது இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு நான் தோட்டத்தில் வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். இடியப்பமும் மீன்குழம்பும் வந்தது. ஹாருன் பாய் ஐந்து விரலாலும் பிசைந்து, நாட்டை விட்ட பிறகு இன்றைக்குத்தான் மீன் மீனாக இருக்கிறது என்று சமைத்த அக்காவுக்குச் சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது, நாங்கள் காலையில் ஆடிய அதே பள்ளிக்கூடம் விட்டு அவர்களுடைய மகள் வந்தாள். ஏழு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் டேனிஷில் தாய்க்கு ஏதோ சொல்லிச் சிரித்தாள். காலையில் அழுத மாமா இவர்தான் என்கிறாள். தாய்க்கு விளங்கவில்லை. தகப்பனுக்கு விளங்கிவிட்டது.

நான் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. அண்ணை இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, வேலையெண்டால் வேலைதான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் ஊருக்குக் கடிதம் எழுதேக்கை தோட்டமெண்டே எழுதும். கூத்தாடுறீரெண்டு கேள்விப்பட்டால் மனுசி வர யோசிப்பா."

அலுவலர் வேடம்

விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தொலைபேசியில் கேட்க நான் பலமுறை முயன்றேன். அந்தப் பக்கத்தில் குரல் கேட்டதும் எனக்கு டேனிஷ் எல்லாம் பறந்துவிடும். மன்னிக்கவும், நன்றி என்ற இரண்டு சொல்லையும் மாறிமாறிச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ஹாருன் பாய் இதற்கு ஒத்திகை வேண்டும் என்றார். எங்கள் வானின் பின்பக்கத்தில் சூட்கேஸை மேசையாக்கிக்கொண்டு இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். நான் வாழைப்பழத்தைக் காதில் வைத்துக்கொண்டு என் இலக்கத்தைச் சொன்னேன்.

அலுவலராக அவர் பிரமாதம். முதலில் இலக்கம் பிழை என்றார். பிறகு மனைவியின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டார். பிறகு, நீங்கள் உண்மையிலேயே மணமுடித்தவரா என்று மிக மரியாதையாகக் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, வாழைப்பழத்தை அவர் மேல் எறிந்துவிட்டேன். அவர் அதை எடுத்து உரித்துச் சாப்பிட்டார். நாலு நாள் இப்படிப் பழகினோம். ஐந்தாம் நாள் உண்மையான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு வசனம் பிசகாமல் கேட்டேன். ஒரு பெண்குரல், உங்கள் கோப்பு இங்கேதான் இருக்கிறது, அதைப்பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை, நல்ல நாளாகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டது. என்ன சொன்னார்கள் என்று ஹாருன் பாய் கேட்டார். சொன்னேன்.

"என்ர அலுவலரைப் பற்றி நீ என்னவும் சொல்லு, அவன் கேள்வியாவது கேட்டான்."

மறந்துபோன வசனம்

அதற்குப் பிறகு ஒரு காலையில் தேவியின் கடிதம் வந்தது. அறைக்காரர் வேறிடம் பார்க்கச் சொல்கிறார், சுகிக்கு இருமல் சுகமாகிவிட்டது என்று எழுதிவிட்டு, கடைசியில் சின்னதாக ஒரு வரி. சுகி சுவரில் இருக்கும் என் படத்தைக் காட்டி, இந்த மாமா யார் என்று கேட்கிறாளாம். கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாடகத்துக்குப் போனேன். வாங்கில் இருந்தேன். ஹாருன் பாய் வழக்கம்போல, தம்பி, உன் மனைவி எப்போது வருகிறாள் என்று கேட்டார். அடுத்த மாதம் என்று நான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எண்பது பிள்ளைகள் தரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எழும்பி ஓடவேண்டும்போல் இருந்தது, கால் எழும்பவில்லை.

ஹாருன் பாய் சூட்கேஸைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து இருந்து என் கொலரைச் சரிசெய்தார். பிள்ளைகளைப் பார்த்து, தன் உடைந்த டேனிஷில், மிக மெல்லிய குரலில், "என் தம்பியின் மனைவி வருவாள். எப்போது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் இன்றைக்கு அவனுக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் கொஞ்சம் காத்திருப்போம்" என்றார். எண்பது பிள்ளைகளும் காத்திருந்தார்கள். ஒரு சிறுமி எழும்பி வந்து தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து பாதி அப்பிளை என் கையில் வைத்துவிட்டுப் போய் இருந்தாள். அதற்குப் பிறகு எனக்கு வசனம் வந்தது. நாடகம் முடிந்து வாங்கைத் தூக்கும்போது ஒரு ஆசிரியர் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார்.

"நடுவில் வந்த அந்த நீண்ட மௌனம் அபாரம். அதற்கு எவ்வளவு காலம் ஒத்திகை பார்த்தீர்கள்?"

பின்வரிசைப் பார்வையாளர்

ஒருவழியாக விண்ணப்பங்கள் அசையத் தொடங்கின. எங்கள் முறையும் வந்தது. விமான நிலையத்தில் தேவி மெலிந்து, ஒரு பெரிய கம்பளிச் சட்டைக்குள் நின்றாள். சுகி என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மகளிடம் வணக்கம் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்ட தகப்பன்மார் எத்தனையோ பேர் அந்த நாட்களில். உங்களில் சிலருக்கும் அது தெரியும்.

இரண்டு பேரையும் வீட்டில் தனியே விட மனமில்லாமல் அந்தக் கிழமையே நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டவேலை என்று எழுதியதெல்லாம் பொய் என்பதை வானில்தான் சொன்னேன். தேவி ஜன்னலால் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உடற்பயிற்சிக் கூடத்தின் பின்வரிசையில், டேனிஷில் ஒரு சொல்லும் விளங்காமல், சுகியை மடியில் வைத்துக்கொண்டு முழு நாடகத்தையும் பார்த்தாள். வாங்கில் இருந்து நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், எழும்பி நடந்தேன், அழுதேன். முடிந்ததும் ஹாருன் பாய் போய்த் தலைகுனிந்து வணக்கம் சொல்லி, எப்படியிருந்தது என்று சைகையால் கேட்டார். தேவி அவருக்குச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் வந்திட்டனே. இனி வேற ஏதாவது கதை நடியுங்கோவன்."

ஆறு மணித்தியாலப் பிணம்

ஹாருன் பாய்க்குத் தொலைக்காட்சியில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு துப்பறியும் கதையில் கடைக்காரர் வேடம். ஒரு வசனமும் உண்டு: "இன்று கடை பூட்டியாச்சு." அந்த ஒரு வசனத்தை அவர் பதினொரு விதமாகச் சொல்லிப் பழகினார். எங்கள் குசினியில், அடுப்படியில் வைத்துச் சொல்லுவார், நானும் தேவியும் எது நல்லது என்று சொல்ல வேண்டும். கொப்பன்ஹேகனில் படப்பிடிப்பு. அதற்குப் பக்கத்தில் புரொண்பியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு நானும் அவரும் போனோம். போனால் கதையை மாற்றிவிட்டார்களாம். கடைக்காரர் செத்துக் கிடக்கும் இடத்தில் இருந்துதான் இப்போது தொடங்குகிறதாம். காலை ஒன்பதில் இருந்து பிற்பகல் மூன்றுவரை அவர் தரையில் கிடந்தார். துப்பறிகிறவர் அவரைத் தாண்டித் தாண்டி நடந்தார். ஹாருன் பாயின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே போய்த் தெருவை நாலுமுறை சுற்றிவந்தேன். படப்பிடிப்பு முடிந்து வெளியே வந்த ஹாருன் பாய் காற்சட்டையைத் தட்டிப் பார்த்தார். ஒரு தூசும் இல்லை.

"முப்பத்திரண்டு தரம் செத்திருக்கிறன், இவ்வளவு துப்புரவான நிலத்திலை இண்டைக்குத்தான்."

அது ஒளிபரப்பானபோது அவரையும் கூப்பிட்டு எங்கள் வீட்டில் பார்த்தோம். நாலு விநாடி வந்தார். சுகி அதற்குள் பள்ளிக்கூடம் போய் டேனிஷில்தான் எதையும் சொல்லுவாள். ஹாருன் பாயின் மடியில் ஏறி இருந்துகொண்டு திரைக்குக் கிட்டே விரலை நீட்டினாள்.

"பாய் மாமா மூச்சு விடுறார்."

நல்ல தமிழன்

பிறகு ஒரு பெரிய விசாரணை வந்தது. எங்கள் விண்ணப்பங்கள் ஏன் கிடந்தன, யார் சொல்லிக் கிடந்தன என்று நாடு முழுக்க ஒரே பேச்சு. நீதி மந்திரியே சட்டத்தை மீறி அவற்றை நிறுத்திவைத்தாராம். அதுவரை தமிழ் என்ற சொல்லையே கேட்டிராத சனம், பேப்பரில் ஒவ்வொரு நாளும் அதை வாசித்தது. மேல்வீட்டுக் கிழவர் ஒருநாள் படியில் என்னை மறித்து, தான் செய்யாத ஏதோ ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்டார். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர், அந்த வருடங்களில் காத்திருந்த ஒரு தமிழனைப் பத்து நிமிடம் நடித்துக் காட்ட ஆள் தேடினார். பீர்கித்த எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டார். எனக்கு நித்திரையில்லை. இவ்வளவு நாள் கண்ட கண்ட பள்ளிக்கூடத்தில் நடித்தேன், இது என்னுடையது என்று மனம் துள்ளியது.

ஒரு வெள்ளை அறை. ஒரு கதிரை, ஒரு கமரா. தெரிவு செய்பவர் மென்மையான மனிதர். கொழும்பில் உங்கள் மனைவி, பதில் இல்லை, காத்திருங்கள் என்றார். நான் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. தேவி வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருக்கிறாள். அதை மறைக்க முகத்தை இறுக்கினேன். அழ முயன்றேன், தும்மல்தான் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன், அங்கே மணிக்கூடே இல்லை. எனக்குப் பிறகு ஹாருன் பாய் உள்ளே போனார். கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். அவர் வெறுமனே இருந்தார், ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. உள்ளே இருந்த எல்லோரும் எழுதுவதை நிறுத்தினார்கள். தெரிவு செய்பவர் வெளியே வந்து என் தோளைத் தொட்டார்.

"குறை நினைக்கக்கூடாது. தமிழர் என்று நம்பும்படியாக இருந்தவர் மற்றவர்தான்."

கைக்குட்டை

ஹாருன் பாய் அதைச் செய்யமாட்டேன் என்றார். என்னுடைய வாழ்க்கையைத் தான் எடுத்துப் போட்டுக்கொள்வது மரியாதையில்லை என்றார். மூன்று நாள் அவருடன் கதைக்கவில்லை. வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் கால்வாய்க்கரையில் நடந்தேன். கோபம் அவர் மேல் இல்லை என்பது தெரிந்தது. நான் இருந்து கழித்த ஒன்றை எனக்கே காட்டத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. நாலாம் நாள் அவருடைய கதவைத் தட்டினேன். நீங்கள் செய்யாவிட்டால் மீசை ஒட்டிய ஒரு டேனிஷ்காரன் செய்வான் என்றேன். அவர் தேத்தண்ணி போட்டார்.

வசனம் எதையும் அவர் கேட்கவில்லை. அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் கைகளால் என்ன செய்தாய் என்று கேட்டார். நான் யோசித்துச் சொன்னேன். கீழ்மாடியில் வரிசையாகத் தபால்பெட்டிகள். என் பெட்டியின் ஓட்டைகளுக்குள்ளால் பார்த்தாலே வெறுமை என்று தெரியும். தெரிந்தும் திறப்பேன். பின்சுவர் வரைக்கும் கையை விட்டுத் தடவுவேன். அப்போது யாராவது படியால் இறங்கி வந்தால் வெட்கமாக இருக்கும். அதனால் கைக்குட்டையை எடுத்து, தூசு துடைக்க வந்தவன்போலப் பெட்டியின் உட்பக்கத்தைத் துடைப்பேன். டென்மார்க்கிலேயே ஆகச் சுத்தமான தபால்பெட்டி என்னுடையதாக இருந்திருக்கும். இதை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஹாருன் பாய் கைக்குட்டை என்ன நிறம் என்று மட்டும் கேட்டார்.

நிகழ்ச்சி வந்த அன்று தேவி சுகியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஹாருன் பாய் வீட்டுக்கு வரவில்லை. எங்களோடு இருந்து பார்க்கத் தனக்குத் துணிவில்லை என்று சொல்லிவிட்டார். திரையில் ஒரு மனிதன் படியடியில் வந்து நிற்கிறான். ஓட்டைகளுக்குள்ளால் பார்க்கிறான். திறக்கிறான், தடவுகிறான். காலடிச் சத்தம் கேட்கிறது. நீலக் கைக்குட்டையை எடுத்து மெதுவாக, மிகக் கவனமாக, மூலைகளையும் விடாமல் துடைக்கிறான். இறங்கி வந்த பெண் வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். அவனும் வணக்கம் சொல்கிறான். அவ்வளவுதான். கத்தவில்லை, விழவில்லை. நான் எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டேன். தேவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்கள் எனக்கு எழுதின ஒரு கடிதத்திலையும் இது இல்லையே."

நான் இப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். ஹாருன் பாய் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தவர்கள் கூப்பிட்டதால் கொப்பன்ஹேகன் மேடைகளில் வசனமுள்ள வேடங்களுக்குப் போனார். இடுப்பு வலி வரும்வரை நடித்தார். ஊரில் ராணுவ ஆட்சி போன பிறகு வருடத்துக்கு ஒருமுறை டாக்காவுக்குப் போய், தன்னை யாரும் அடையாளம் காணவில்லை என்று சந்தோசமாகவும் கவலையாகவும் சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். ஏழு வருடத் தொழில் அனுபவத்தின் சாரம் என்னவென்று கேட்டால், என் வாழ்க்கையை நான் எப்படியோ சமாளித்துவிட்டேன், அதை ஒழுங்காக நடித்துக் காட்ட மட்டும் ஒரு வங்காளி தேவைப்பட்டான்.